அறுபத்தேழு துணிகள்

தில்லிக்கு வந்த புதிதில் குளிர் என்றால் ரஜாய்க்குள் சுருண்டுகொண்டு இஞ்சி டீ குடிக்கிற சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டுகிற ஆள் நான்! அந்த நினைப்பு மாறியது அன்ஷு குப்தா சொல்லும் ஒரு சம்பவத்தைப் படித்தபோது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவர் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். பழைய தில்லியில் ஒருவர், ரிக்‌ஷாவில் அனாதைப் பிணங்களை ஏற்றிப் போவதைப் பார்க்கிறார். பிணம் ஒன்றுக்குப் போலீஸ் கொடுப்பது 20 ரூபாயும் இரண்டு மீட்டர் துணியும். குளிர்காலத்தில் வேலை ஜாஸ்தியாம். அந்த மனிதரின் சின்னப் பெண் சொன்னது இன்னும் கொடுமை. குளிரெடுத்தால் பிணத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவாளாம். அது புரளாது, தொந்தரவு செய்யாது.

குளிர் கொல்வதில்லை, துணி இல்லாததுதான் கொல்கிறது என்று குப்தாவுக்கு உறைத்தது அங்கேதான். 1998-ல் கார்ப்பரேட் வேலையை விட்டார். 1999-ல் அவரும் மனைவி மீனாட்சியும் (பேரைப் பார்த்து மதுரையா என்று கேட்காதீர்கள், வடக்கத்தியர்தான்) வீட்டு பீரோவிலிருந்து எடுத்த 67 துணிகளோடு 'கூஞ்ச்' அமைப்பைத் தொடங்கினார்கள். எதிரொலி என்று அர்த்தம்.

இதில் நம்மூர் அத்தியாயம் ஒன்று உண்டு, கொஞ்சம் வெட்கப்பட வேண்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி போய் இறங்கியது. கிழிசல், அழுக்கு, கடலோர ஜனங்கள் உடுத்தவே உடுத்தாத கம்பளி. அவர்கள் தொடவில்லை. எல்லாம் ரோட்டோரம் குவிந்து கிடந்தது. நாங்களும் இங்கிருந்து ஒரு மூட்டை அனுப்பினோம். அதில் என்ன போட்டோம் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் உறுத்துகிறது. அப்படிக் கிடந்த துணிகளைச் சேர்த்து, பிரித்து, உபயோகப்படும்படி செய்கிற வேலையைக் கூஞ்ச் தமிழ்நாட்டில் எடுத்துச் செய்தது.

பிற்பாடு வந்த திட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கிராமத்து ஜனங்களே கூடிப் பேசி ஊருக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்வார்கள். கிணறு வெட்டுவார்கள், குளம் தூர் வாருவார்கள், மூங்கில் பாலம் கட்டுவார்கள். அந்த உழைப்புக்குத் துணிமணி. யாரும் கையேந்தி வாங்கவில்லை, சம்பாதித்தார்கள். நைந்த பருத்தித் துணியும் வீணாவதில்லை. துவைத்துப் பதப்படுத்தி மாதவிடாய்க்கான நாப்கின் ஆக்குகிறார்கள். சாம்பலும் மண்ணும் வைத்துச் சமாளித்த பெண்கள் இருக்கிற நாடு இது. 2015-ல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

கூலியைப் பணமாகவே கொடுத்தால் என்ன, கிணறு வெட்டுவது சர்க்கார் வேலை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வி எனக்கும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் தண்ணீர் வந்த ஊர்க்காரர்களிடம் போய் அதைக் கேட்க எனக்கு வாய் வராது.

போன தீபாவளிக்கு முன்னால் பீரோவை ஒழித்தோம். பாவாடை ஒன்றை மடித்து மூட்டையில் வைக்கப் போனேன்.

"நாடா இல்லாம குடுத்தா அவ எதை வெச்சுக் கட்டுவா? இங்க குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு, ஊக்கில் புது நாடாவைக் கோத்தாள் மனைவி.