டொட் ஐஓ வந்த வழி

பலாங்கொடைத் தோட்டங்களில் குத்தகையை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நிலம் அரசாங்கத்துக்கு, நிர்வாகம் 1992இலிருந்து கம்பனிக்கு. லயத்தில் இருப்பவரின் பெயர் அந்தக் கடதாசியில் கிடையாது. இணையப் பெயரும் அப்படித்தான். டொமைன் வாங்கினேன் என்கிறோமே, அதுவும் ஆண்டுக் கணக்குக் குத்தகைதான். தவணை தப்பினால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

டொட் ஐஓவும் அப்படிக் குத்தகைக்குப் போகும் ஒன்று. ஃபோனில் அகார், ஸ்லிதர் விளையாடிய பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் வால்தான். அதன் வேர் ஒரு தென்னந்தோட்டத்தில் இருக்கிறது.

1964இல் கொழும்பும் டில்லியும் மலையகத்தாரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தன. மறுவருடம் பிரிட்டன் மொரிஷியஸிடமிருந்து சாகோஸ் தீவுகளைப் பிரித்தெடுத்து, பிரித்தானிய இந்து சமுத்திர ஆட்புலம் என்று பெயர் வைத்தது. அவற்றில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்கா படைத்தளம் கேட்டிருந்தது. அங்கே இருந்தவர்களோ கொப்பராத் தோட்டத் தொழிலாளர்கள். ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள். மொரிஷியஸுக்கு வைத்தியத்துக்குப் போனவர்களுக்குத் திரும்பக் கப்பல் இல்லை என்றார்கள். 1971இல் தீவின் நாய்களைப் பிடித்துக் கொப்பரா காயவைக்கும் கொட்டிலில் அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். 1973க்குள் தீவுகளில் ஒரு குடும்பமும் மிச்சமில்லை.

ஆள்கள் போனாலும் ஆட்புலம் உலக நாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் ஐஓ என்ற இரண்டெழுத்தோடு நின்றது. 1997இல் அந்த எழுத்துகளைப் பெயர் வாலாக நடத்தும் உரிமை போல் கேன் என்பவரின் பிரிட்டிஷ் கம்பனிக்குக் கிடைத்தது. நிரல் எழுதுபவர்களுக்கு ஐஓ என்றால் உள்ளீடும் வெளியீடும். அந்த ருசியில் புதுக் கம்பனிகள் மொய்த்தன. 2013இல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப் தன் பயனர்களின் பக்கங்களையே அங்கே மாற்றியது.

வாடிக்கையாளர் கட்டுவதில் விற்பனை முகவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பதிவேட்டை வைத்திருக்கும் கம்பனிக்குக் கொடுக்கிறார். பெயர் ஒன்றுக்கு, வருடா வருடம். இறைக்காமல் ஊறும் கிணறு. 2017இல் அஃபிலியாஸ் கம்பனி அதை 7 கோடி டொலருக்கு வாங்கியது. தனக்கு இதில் ஒரு காசும் வருவதில்லை என்று பிரிட்டிஷ் அரசு 2014இல் பாராளுமன்றத்தில் சொல்லியிருந்தது. சாகோஸ்காரர்களுக்கும் வரவில்லை. பசிபிக் தீவு நாடான துவாலுவைப் பாருங்கள்: டொட் டிவியைத் தானே குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் 2000இல் ஐ.நா. உறுப்பினரானது. கேட்பதற்கு அங்கே குடிமக்கள் இருந்தார்கள்.

2021 அக்டோபரில் சாகோஸ் தீவுக்குப் புது ஆள்கள் வந்தார்கள், நம்மவர்கள். கனடாவுக்குப் புறப்பட்டுக் கடலில் சிக்கிய படகிலிருந்த 89 இலங்கைத் தமிழர்களை டியேகோ கார்சியாவில் இறக்கி, கூடாரங்களில் வைத்தார்கள். எலி ஓடும் கூடாரங்கள். பலர் மூன்று வருடத்துக்கு மேல் கிடந்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலோரை இங்கிலாந்துக்கு ஏற்றிய பிறகு, அந்தக் காவல் சட்டவிரோதமானது என்று ஆட்புலத்தின் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

2025 மே 22இல் தீவுகளை மொரிஷியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. ஆட்புலம் ஒழிந்து ஐஓ பட்டியலிலிருந்து நீங்கினால், விதிப்படி அந்த வாலுக்கு 5 ஆண்டு அவகாசம். கேட்டால் இன்னும் 5 வரை நீளும். யூகோஸ்லாவியாவின் டொட் வையூ 2010இல் மூடப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. அதன் டொட் எஸ்யூவோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டு விலைபோனது.