லிங்கன் முகம் போட்ட ஐந்து டாலர்

சேலத்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் கடைகளுக்கு, அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் அப்பா அம்மாக்கள் வருகிறார்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட்டைக் காட்டினால் பெரும்பாலும் நூறு டாலர் நோட்டாகத்தான் கிடைக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஐந்தும் ஒன்றுமாகக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அங்கே டிப்ஸ் கொடுக்க அதுதான் தோது.

அந்த ஐந்து டாலர் நோட்டில் இருப்பவர் ஆபிரகாம் லிங்கன். 1863-ல் அடிமைகளின் விடுதலையை அறிவித்தவர். விடுதலை பெற்றவர்களைத்தான் பிறகு புல்மேன் கம்பெனி தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலைக்கு எடுத்தது. படுக்கை விரிப்பார்கள், ஷூவுக்குப் பாலீஷ் போடுவார்கள், இரவெல்லாம் கண்விழிப்பார்கள். சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். 1897 முதல் 1911 வரை அந்தக் கம்பெனியின் தலைவர் ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன். இதைப் படித்த நாளிலிருந்து அந்த நோட்டை என்னால் வெறும் பணமாகப் பார்க்க முடிவதில்லை. 1925-ல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். கம்பெனியை ஒப்பந்தத்துக்கு இழுத்துவர 1937 ஆயிற்று.

வாஷிங்டன் மாநிலம் 1909-ல் டிப்ஸைச் சட்டம் போட்டுத் தடுத்துப் பார்த்தது. நான்கே வருடத்தில் அந்தச் சட்டம் போய்விட்டது. 1966-ல் நாட்டின் கூலிச் சட்டத்தில் வந்த திருத்தம், சர்வர் வாங்கும் டிப்ஸைச் சம்பளக் கணக்கில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு இடம் கொடுத்தது. நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்குபவருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டியது 2.13 டாலர்தான், 1991 முதல் அதில் ஒரு சென்ட் ஏறவில்லை. டிப்ஸ் சேர்ந்தும் 7.25 வராவிட்டால் குறையை முதலாளி நிரப்ப வேண்டும்.

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் என் பெரியப்பா டாலஸில் ஓர் ஓட்டலில் பில்லைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "ஐம்பது டாலருக்குத்தானே சாப்பிட்டோம், மேல பத்து டாலர் எதுக்கு அம்மிணி? ஓட்டல்காரர் சம்பளம் போடறதில்லையா?"

"போடறாங்கப்பா. நாம கொடுப்போம்னு கணக்குப் பண்ணிக் குறைச்சுப் போடறாங்க."

லாரித் தொழிலில் இருப்பவருக்கு இது புரியாதா? லோடு ஏற்றுமிடத்தில் ஒரு மாமூல், இறக்குமிடத்தில் ஒரு மாமூல். சரக்கு யாருடையதோ அவரே ஏற்று இறக்குக் கூலியைக் கொடுக்கட்டும் என்று லாரி உரிமையாளர் சங்கங்கள் கேட்டுவருவதும் இதனால்தான். பெரியப்பா மேற்கொண்டு பேசாமல் இரண்டு ஐந்து டாலர் நோட்டை எடுத்து வைத்தார். அவர் செய்தது சரி. முறை தப்பு என்பதற்காக, நமக்குப் பரிமாறிய பெண்ணின் கூலியில் கைவைக்கக் கூடாது.

மேசையிலிருந்து எடுத்த டிப்ஸ் அப்படியே அவள் கைக்குப் போய்விடுவதும் இல்லை. பல ஓட்டல்களில் இரவு கணக்குப் பார்க்கும்போது மேசை துடைப்பவருக்கும் அதில் பங்கு பிரிக்கிறார்கள். முதலாளியோ மேனேஜரோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-ல் சட்டம் வந்தது.