ஓமச் சத்தும் கொளுக்கிப் புழுவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்புத்தளை மலைச்சரிவுகளில் பனி விலகுமுன்னரே பிரட்டுக் களத்துக்கு வந்து நின்ற தொழிலாளருள், முகம் வெளுத்து, கால் வீங்கி, மேடு ஏறுகையில் மூச்சிரைத்தோர் உண்டு. துரைமார் அதனைச் சோம்பல் என்றனர். உண்மையில் அது, குடற்சுவரைக் கவ்விக் குருதி உறிஞ்சும் கொளுக்கிப் புழுவின் வேலை.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தோருள் பலர் இப்புழுவையும் உடன் கொண்டுவந்தனர். மலத்தோடு வெளிப்படும் முட்டை ஈரமண்ணில் குஞ்சாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் உடலுட் புகும். தோல் வழியே அது நுழைவதை 1898இல் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். அப்புத்தளைக் குளிரில் குஞ்சு மெதுவாகவே வளரும். ஊவாவின் பள்ளத் தோட்டங்களில் அத்தடையும் குறைவு.

இதற்கு மருந்தாக அமைந்த தைமோல் நம் அடுக்களைக்குப் புதியதன்று. ஓமத்தின் மணமே அதுதான். எனில், ஓமநீர் பருகினாற் போதாதோ? போதாது. வடித்தெடுத்த சத்தை அளவறிந்து வெறுவயிற்றில் கொடுத்து, பின்னர்ப் பேதி உப்புக் கொடுத்தல் வேண்டும். நம்மவர் வழக்கப்படி விளக்கெண்ணெய் கொடுத்தாலோ, தைமோல் அதிற் கரைந்து உடலிற் சேர்ந்து நஞ்சாகும். சாராயமும் அவ்வாறே. மூலிகைதானே, தீங்கு செய்யாது என்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

எம்மருந்து சிறந்தது? சுமத்திராவின் டெலித் தோட்டங்களில் சூஃப்னர், வெர்வோர்ட் என்னும் இரு மருத்துவர், தைமோல், யூக்கலிப்டசுத் தைலம், அமெரிக்கப் பூண்டொன்றிலிருந்து வடித்த கெனோப்போடியம் எண்ணெய் ஆகியவற்றை ஒப்பிட்டனர். கெனோப்போடியம் முந்தியது, யூக்கலிப்டசு மிகவும் பின்தங்கியது. 1915 முதல் டார்லிங் குழுவினர் மலாயா, யாவா, பீஜித் தீவுகளில் ஆய்ந்தனர். மருந்துண்டோரின் மலத்தை அலசி, விழுந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினர். மீண்டும் மருந்து கொடுத்து, எஞ்சியிருந்தவற்றையும் எண்ணினர். அருவருக்கத்தக்க வேலைதான், ஆயினும் மருந்தின் வலிமையை அளக்க அதுவே நேர்வழி.

இதற்கிடையில், இந்திய ஓமத்தை வாங்கித் தைமோல் வடித்து வந்த ஜெர்மனி 1914இல் போரில் இறங்கிற்று. தைமோல் அரிதாயிற்று, கெனோப்போடியம் அவ்விடத்தைப் பற்றிற்று. அதன் அளவு மிஞ்சியதால் செவிப்புலன் இழந்தோரும், உயிர் துறந்தோரும் உளர்.

1916இல் றொக்பெல்லர் அறக்கட்டளையின் இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிற்று. புழு விழுந்தது, வெளுத்த முகங்களில் குருதியோட்டம் திரும்பியது. ஆனால் லயத்துக்கு மலகூடம் கட்டும் செலவு தோட்டத்தின் தலையில் விழுந்தமையால் துரைமார் பலர் தயங்கினர். மருந்துண்டவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தனர்; புழு மீண்டும் புகுந்தது.

1921இல் அமெரிக்கரான ஹால் கார்பன் டெட்ராகுளோரைட்டை இப்புழுவுக்கு மருந்தாக அறிமுகஞ் செய்தார். அது செடியிற் பிறந்ததன்று, மலிவானது. ஓமச் சத்தும் கெனோப்போடியமும் மெல்ல மருந்தறையை விட்டு நீங்கின. மலகூடத்துக்கான வழக்கோ லயங்களில் இன்னும் நெடுங்காலம் நீடித்தது.