பரிமேலழகர் வார்த்த நெய்

மக்கட்பேறு அதிகாரத்தின் நான்காம் குறளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் 'கூழ்' என்னும் சொல்லில் நான் சற்று நிற்பதுண்டு. தம் குழந்தையின் சிறு கை துழாவிய கூழ் அமிழ்தைக் காட்டிலும் இனிது என்கிறார் வள்ளுவர். குஜிலியம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூழ் என்றால் கம்பங்கூழ்தான். வேறு பொருள் அவர்களுக்குத் தோன்றாது. எனக்கும் அந்த வயதில் தோன்றியதில்லை.

பரிமேலழகர் அப்படிக் கொள்ளவில்லை. கூழுக்குச் 'சோறு' என்று பொருள் எழுதிவிட்டு, கையால் துழாவுவது எத்தகையது என விளக்கப் புறநானூற்றின் 188ஆம் பாட்டை எடுத்துக்காட்டுகிறார். தளர்நடையிட்டு வந்து, பிறர் உண்ணும் கலத்தில் கைவிட்டுப் பிசைந்து, நெய்ச்சோற்றை மேனியெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் பாட்டு அது. உரையாசிரியர் செய்தது தவறென்று சொல்ல இயலாது. பழந்தமிழில் கூழ் என்பது உணவுக்குப் பொதுப்பெயர்; அரசனுக்குரிய ஆறு அங்கங்களைச் சொல்லுமிடத்தும் வள்ளுவர் அதே சொல்லைத்தான் ஆள்கிறார். ஆயினும், எந்த உணவாகவும் இருக்கக்கூடிய ஒன்று உரையில் சோறாகி, எடுத்துக்காட்டில் நெய்யும் சேர்ந்துவிட்டது. பாட்டுக்குரிய குழந்தை, பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வர் வீட்டுக் குழந்தை. பாடியவனோ அரசன்.

(பிள்ளைத்தமிழின் வழக்கமான பத்துப் பருவங்களில் குழந்தை உண்பதற்கென்று ஒரு பருவம் இல்லை என்பதையும் நண்பர்கள் கவனித்திருக்கலாம். நிலவை அழைக்க அம்புலிப் பருவம் உண்டு. நிலவைக் காட்டி ஊட்டிய சோற்றுக்கு இடமில்லை.)

புன்செய் நிலத்து வீட்டின் உணவைத் தேடுபவர் பெரும்பாணாற்றுப்படைக்குப் போகவேண்டும். அங்கே கடியலூர் உருத்திரங்கண்ணனார் முல்லை நிலத்துச் சிற்றூரில் பாணனுக்கு வரகுச்சோறும் அவரைப் புழுக்கும் கிடைக்கச் செய்கிறார். வெந்த வரகுக்கு அவர் சொல்லும் உவமை பூளைப்பூ. கரூர் எல்லையை ஒட்டிய எங்கள் வானம் பார்த்த பூமியில், மார்கழியின் கடைசி நாளன்று வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவது இதே பூளையைத்தான். மறுநாள் பொங்கல் குழம்பில் மொச்சையும் அவரையும் தவறாமல் இருக்கும். உவமைக்கு வந்த பூவும் உடன்வந்த அவரையும் பண்டிகையில் தங்கிவிட்டன. வரகு மட்டும் பொங்கல் பானைக்குள் நுழையவில்லை. பானைக்குப் பச்சரிசிதான்.

காரணம் எளிது. நாள்தோறும் உண்பது பண்டிகைக்கு ஆகாது. எழுபதைக் கடந்துவிட்ட என் அம்மாவின் சிறுவயதில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மன் சாட்டுக்கும்தான். மற்ற நாள்களில் கம்பும் சோளமும் கேழ்வரகும். கம்பை நீர் தெளித்து உரலில் குத்திப் புடைத்தெடுக்கும் பாடு முழுக்கப் பெண்களுடையது என்பதைச் சிறுதானியப் பெருமை பேசுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்த வேறுபாடு எப்போது அழிந்தது? 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு தொடங்கிய ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னை, கோவை நகரங்களோடு நின்றது, எங்களை எட்டவில்லை. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. ஆனால் குழந்தையின் தட்டை மாற்றியது, 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் என்றே நினைக்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் நாள்தோறும் சோறு. அந்தச் சோற்றில் வளர்ந்தவன் நான். பண்டிகைச் சோற்றுக்கென அம்மா காத்திருந்த காத்திருப்பு எனக்கு வாய்க்கவில்லை. பின்னர் 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாயாயிற்று. 2011இல் விலையில்லாமலே ஆயிற்று. பசி தீர்ந்தது. அதை யாரும் குறைசொல்லலாகாது. பொங்கலன்று சோற்றைக் கண்டு ஒரு குழந்தை துள்ளுவதும் அத்தோடு தீர்ந்தது.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கடுத்த பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த தம்பி, மூன்று வயது மகளுக்கெனக் கம்பு மாவு கொண்டுவந்திருந்தான். நம் பாரம்பரியத்தைப் பிள்ளை அறியவேண்டுமாம். கூழ் காய்ச்சிக் கிண்ணத்தில் வைத்ததும் குழந்தை கையை உள்ளே விட்டுவிட்டது. எனக்குக் குறள் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு வந்தது வேறு.

"ஏப்பா, நல்ல நாளும் அதுவுமா புள்ளைக்குக் கூழையா ஊத்துறது? நாங்க குடிச்சது பத்தாதா?"

கிண்ணத்தை நகர்த்திவிட்டு, சுடுசோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து குழந்தையின் முன் வைத்தார். அது இரண்டு வாய் உண்டது. மிச்சத்தைச் சட்டையிலும் தலைமுடியிலும் பூசிக்கொண்டது. குழந்தை துழாவி விட்டதை அம்மா அதே தட்டில் உண்டு முடித்தார். கூழ் என் பங்குக்கு வந்தது.