ஆடாதோடையும் கருஞ்சீரகமும் இன்ஹேலரும்: இளைப்பு நோய்க்கு மூலிகை எதுவரை உதவும்?

மார்கழி, தை மாதங்களில் பஜ்ர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பள்ளிவாசல் படியருகே பிள்ளைகளோடு நிற்கும் தாய்மார்கள் அதிகமாகிவிடுவார்கள். உத்திரமேரூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பனி இறங்கும் காலம் அது. அதோடு நெல் அறுவடைத் தூசும், செங்கல் சூளைப் புகையும், கிரஷர் தூளும் சேர்ந்துகொள்ளும். "பிள்ளைக்கு வீசிங், ஓதி ஊதிவிடுங்க ஹஜ்ரத்" என்பார்கள். ஃபாத்திஹா ஓதி ஊதுவேன். பிறகு, டாக்டர் தந்த பம்பைக் கொடுக்கிறீர்களா என்று கேட்பேன். பல நேரம் வரும் பதில் இது: "அது பழகிடும்னு சொன்னாங்க, நிறுத்திட்டோம் ஹஜ்ரத். கருஞ்சீரகமும் தேனும் குடுக்கிறோம். அது சுன்னத்தான மருந்துதானே?"

அந்தப் பதிலை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். மூலிகையை மறுப்பது என் நோக்கமல்ல. நம் வேலியோரத்துச் செடிகளை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததில் என்ன தெரியவந்தது, எது தெரியவரவில்லை என்பதைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். நம் பக்கம் ஏரிக்கரையிலும் கொல்லை வேலியிலும் தானாக வளர்ந்து நிற்கும். சளி, இருமலுக்கு இதன் கஷாயத்தைக் குடிக்காத பழைய தலைமுறை இல்லை. இந்த இலையின் கசப்புக்குள் இருப்பது என்ன என்று முதலில் பிரித்துப் பார்த்தவர் டேவிட் ஹூப்பர். சின்கோனா பட்டையிலிருந்து மலேரியா மருந்து எடுக்கும் பணிக்காக ஊட்டியில் அரசு நியமித்திருந்த வேதியியலாளர் அவர். 1888இல் ஆடாதோடையிலிருந்து அவர் எடுத்த பொருளுக்கு வாசிசின் என்று பெயர். பிற்காலத்தில் அதன் அமைப்பை ஒட்டி ஜெர்மனியில் உருவாக்கப்பட்டதுதான் புரோம்ஹெக்சின். 1960களில் அது சந்தைக்கு வந்தது. புரோம்ஹெக்சின் உடலில் மாறி உண்டாகும் பொருள் அம்ப்ராக்சால். இன்று மருந்துக் கடையில் வாங்கும் சளி டானிக் பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். உம்மும்மா காய்ச்சிய கஷாயத்துக்கும் அந்த பாட்டிலுக்கும் உறவு இருக்கிறது.

ஆனால் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: கெட்டியான சளியை இளக்கி வெளியேற்றுவது. ஆஸ்துமாவின் வேர் சளியில் இல்லை. மூச்சுக்குழாயின் உள்சுவர் சிவந்து வீங்கிக் கிடப்பதுதான் நோய். இதை அழற்சி என்கிறார்கள். அந்த வீக்கம் இருக்கும்வரை சிறு தூசு பட்டாலும் குழாய் சுருங்கும், நெஞ்சு விசிலடிக்கும். சளி வெளியேறிப் பிள்ளை இரண்டு நாள் நன்றாக இருந்தால் நோய் போய்விட்டதாக நாம் எண்ணுகிறோம். உள்ளே வீக்கம் அப்படியே இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை: வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு. கர்ப்பிணிப் பெண்கள் ஆடாதோடைக் கஷாயத்தைத் தாமாகக் குடிக்கக் கூடாது. அரசு சித்தா பிரிவில் தரும் ஆடாதோடை மணப்பாகு சர்க்கரைப் பாகில் செய்வது, எனவே சுகர் உள்ளவர்கள் அதைச் சொல்லி வாங்க வேண்டும்.

ஊமத்தையின் கதை இன்னும் விநோதமானது. அதன் காய்ந்த பகுதிகளைப் புகைத்தால் இளைப்பு தணியும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் பழைய அனுபவம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மதராஸின் தலைமை மருத்துவராக இருந்த ஆண்டர்சன் இதைக் கவனித்துத் தம்மிடம் வந்தவர்களுக்கும் பரிந்துரைத்தார். ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி 1802 வாக்கில் இந்த வழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பின் நூறு வருடத்துக்கும் மேல் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட்டுகள் விற்பனையாயின. ஆனால் ஊமத்தை விஷம். அளவு சற்றுக் கூடினால் பித்துப்பிடித்தவர் போலப் பிதற்ற வைக்கும், உயிரையும் எடுக்கும். ஒரு காயில் இருக்கும் விஷத்தின் அளவு அடுத்த காயில் இருக்காது. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் வகைப் பொருளை எடுத்து, ரத்தத்தில் அதிகம் கலக்காமல் நுரையீரலிலேயே நின்று வேலை செய்யும்படி மாற்றி அமைத்த மருந்துதான் இப்ராட்ரோபியம். 1970களில் இருந்து அது இன்ஹேலராகவும் நெபுலைசர் மருந்தாகவும் பயன்படுகிறது. மதராஸிலிருந்து புகையாகப் போனது, அளவு குறித்த மருந்தாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே செடியைப் புகைக்க வேண்டிய தேவை இன்று யாருக்கும் இல்லை.

எல்லாப் பம்பும் செடியிலிருந்து வந்தவை என்று சொல்லமாட்டேன். அவசரத்துக்கு அடிக்கும் நீலப் பம்பில் இருக்கும் சால்பூட்டமால், நம் உடலில் சுரக்கும் அட்ரினலினை ஒட்டி உருவாக்கப்பட்டது. வீக்கத்தைத் தணிக்கத் தினமும் எடுக்கச் சொல்லும் இன்னொரு பம்பில் இருப்பது மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு. பெரும்பாலும் பெற்றோர் பயந்து நிறுத்துவது இதைத்தான், பிள்ளைக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான்.

அரபு நாட்டுச் செடி ஒன்றும் இந்த வரிசையில் இருக்கிறது. எகிப்தில் கெல்லா என்று அழைக்கப்படும் செடியின் விதையை அங்குள்ள மக்கள் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதிலுள்ள கெல்லின் என்ற பொருளைத் தொடர்ந்து போன ஆராய்ச்சியில் 1965இல் கிடைத்தது குரோமோகிளைக்கேட். அதைக் கண்டறிந்த ரோஜர் அல்டூன்யன் சிரியாவில் பிறந்தவர், தாமே ஆஸ்துமா நோயாளி. தமக்கு ஒவ்வாத பொருளை முகர்ந்து வேண்டுமென்றே இளைப்பை வரவழைத்து, ஒவ்வொரு மருந்தையும் தம் மீதே சோதித்தார்.

இனி கருஞ்சீரகம். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அதை நாம் ஏற்கிறோம். ஆனால் இமாம் கத்தாபீ (ரஹ்) போன்ற பழைய விரிவுரையாளர்களே, சொல் பொதுவானது, பொருள் குறிப்பிட்ட நோய்களைச் சார்ந்தது என்று விளக்கியிருக்கிறார்கள். எந்த நோய்க்கு, எவ்வளவு, எதனோடு சேர்த்து என்பது மருத்துவ அறிவு சார்ந்த கேள்வி.

அந்தக் கேள்வியை முஸ்லிம் நாடுகளின் ஆய்வாளர்களே எடுத்துக்கொண்டார்கள். ஈரானின் மஷ்ஹதில், கருஞ்சீரகக் கஷாயத்தை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்து மூச்சின் அளவைக் கருவியில் பார்த்தார்கள். மூச்சுக்குழாய் விரிந்தது உண்மை. ஆனால் தியோஃபிலின் என்ற வழக்கமான மருந்தைவிடக் குறைவாகவே விரிந்தது. 2017இல் வெளியான சவூதி ஆய்வில் 80 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கருஞ்சீரக எண்ணெய் மாத்திரையும் மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் 4 வாரம் கொடுத்தார்கள். எண்ணெய் எடுத்தவர்களுக்கு நோய் கட்டுப்பாடு மேம்பட்டது. அந்த ஆய்வு கருஞ்சீரகத்தைக் கூடுதல் உணவாகத்தான் சோதித்தது, பம்புக்கு மாற்றாக அல்ல. ஹதீஸைக் காட்டிப் பம்பை நிறுத்தச் சொல்பவர்களிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

தேனைப் பற்றி ஒரு வார்த்தை: 1 வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விஷம் பச்சிளம் குழந்தையின் தசைகளை முடக்கி மூச்சையே நிறுத்திவிடக்கூடும்.

மஞ்சளும் மிளகும் போட்ட பால் நம் வீடுகளில் இரவு மருந்து. மஞ்சளின் குர்குமின் அழற்சியைத் தணிப்பதாக ஆய்வுக்கூடங்கள் காட்டுகின்றன, ஆனால் வயிற்றிலிருந்து ரத்தத்தில் அது சேர்வது மிகக் குறைவு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மிளகின் பிப்பெரினைச் சேர்த்தபோது இது பல மடங்கு கூடியது. மூதாட்டிகள் மிளகு சேர்த்தது வீணல்ல. ஆனால் அதே பிப்பெரின் தியோஃபிலின் மருந்தின் அளவையும் ரத்தத்தில் கூட்டுகிறது. டெரிஃபிலின் மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் மிளகு, திப்பிலிச் சூரணங்களைத் தினமும் அள்ளிப் போட்டுக்கொண்டால் நெஞ்சு படபடப்பு, வாந்தி வரலாம். இத்தனைக்கும் தியோஃபிலினும் செடியில் கிடைத்ததுதான். ஹூப்பர் ஊட்டியில் வாசிசின் எடுத்த அதே 1888இல் ஜெர்மனியில் கோசல் அதைத் தேயிலையிலிருந்து பிரித்தார்.

நஞ்சறுப்பான் இலையை மென்றால் ஆஸ்துமா போகும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது வருகிறது. அதற்கு ஓர் அடிப்படை உண்டு. 1960களின் இறுதியில் டெல்லியில் ஷிவ்புரி என்ற மருத்துவர் நடத்திய ஆய்வுகளில், சில நாள் தினம் ஒரு இலை மென்றவர்களில் பலருக்கு வாரக்கணக்கில் குணம் தெரிந்தது. கூடவே வாய்ப்புண், வாந்தியும் வந்தன. 1979இல் வெளியான மற்றொரு ஆய்வில் மருந்துக்கும் வெறும் மாத்திரைக்கும் வேறுபாடே தெரியவில்லை. வாட்ஸ்அப் செய்தியில் முதல் ஆய்வு மட்டும் இருக்கும்.

கபசுரக் குடிநீரை 2020இல் வீதி வீதியாகக் குடித்தோம். 15 சரக்குகள் கொண்ட அதில் ஆடாதோடையும் உண்டு, கோஷ்டமும் உண்டு. கோஷ்டம் என்பது ஹதீஸில் வரும் இந்தியக் குஸ்து. உம்மு கைஸ் (ரலி) அவர்கள் தொண்டை நோயுள்ள மகனைக் கொண்டுவந்தபோது, தொண்டையை அழுத்தி வதைக்காமல் இதைப் பயன்படுத்தும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். (விரலை விட்டு உள்நாக்கைத் தூக்கிவிடும் வழக்கம் இன்றும் சில ஊர்களில் இருக்கிறது, அந்த ஹதீஸை அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.) தமிழகத்தில் அறிகுறி இல்லாத 60 கொரோனா தொற்றாளர்களிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் சி, துத்தநாகம் எடுத்தவர்களைவிடக் கபசுரக் குடிநீர் குடித்தவர்களுக்கு வைரஸ் அளவு அதிகம் குறைந்தது. ஆனால் அவர்கள் யாரும் மூச்சுத் திணறியவர்கள் அல்லர். திணறுகிறவரைக் காப்பாற்றும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், செய்தவரே பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது அஜ்வா பேரீச்சையைச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் செல்லும்படியும் சொன்ன செய்தி அதே நூலில் வருகிறது. பெயரில்லாப் பொட்டலத்தில் இளைப்புப் பொடி விற்பவர்களை நினைத்து இதைச் சொல்கிறேன். ஒரே நாளில் குணம் தரும் பொடி என்றால் சந்தேகப்படுங்கள். இத்தகைய பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. பம்பிலுள்ள துளி ஸ்டீராய்டுக்குப் பயந்தவர்கள், அளவே தெரியாமல் அதை விழுங்குகிறார்கள்.

ரமளானில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். பம்ப் அடித்தால் நோன்பு முறியுமா? முறியும் என்று நம் பகுதியின் ஹனஃபி, ஷாஃபிஈ ஆலிம்கள் பலர் கூறுகிறார்கள். முறியாது என்பது இப்னு பாஸ், இப்னு உஸைமீன் ஆகியோரின் கருத்து. இரு தரப்புக்கும் பொதுவானது ஒன்று உண்டு: திணறல் வந்தவர் பம்பை எடுத்தே தீர வேண்டும், நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது. முறியும் என்ற கருத்தைப் பின்பற்றுபவர் பிறகு களா செய்துகொள்ளலாம். தினசரிப் பம்பை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கிடையே சதை உள்வாங்கினாலோ, பிள்ளையால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கஷாயம் காய்ச்ச நேரமில்லை, 108ஐ அழையுங்கள். இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், காசநோயா என்று தெரிந்துவிடும். குவாரி, கிரஷர் வேலைக்குப் போகிறவர்களின் நுரையீரலில் படியும் கல்தூளை வெளியே கொண்டுவரும் மூலிகை எதுவும் இல்லை, ஆங்கில மருந்தும் இல்லை. தூசு உள்ளே போகாமல் தடுப்பது மட்டுமே வழி. வீசிங் பிள்ளை உள்ள வீட்டில் மாலைச் சாம்பிராணியையும் கொசுவர்த்தியையும் நிறுத்திப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

சித்த மருத்துவம் வேண்டும் என்பவர்கள் படித்த மருத்துவரிடம் போகலாம். தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் தொடங்கிய நெஞ்சக மருத்துவமனையும், 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அருகருகே இருக்கின்றன. எங்கே போனாலும் மற்ற இடத்துச் சீட்டையும், வீட்டில் கொடுக்கும் கஷாயத்தின் பெயரையும் மறைக்காமல் காட்டுங்கள். பம்பைக் கூட்டுவதையும் குறைப்பதையும் மூச்சை அளந்து பார்த்த மருத்துவர் சொல்லட்டும். ஓதி ஊத, இன்ஷா அல்லாஹ், நாங்கள் பள்ளிவாசலில் இருக்கிறோம். வரும்போது பம்பையும் கையோடு கொண்டுவாருங்கள்.