மணல் நிரப்பிய மதலை



பழைய சேலைத் துணியைச் சுருட்டிக் கட்டி, அதைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துத் தாலாட்டும் சிறுமிகளைத் தோட்டப்புறத்தில் நாம் அறிவோம். அப்படிப்பட்ட துணிப் பொம்மை ஒன்றிலிருந்துதான் உலகம் போற்றிய ஒரு கைத்தொழில் பிறந்தது. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

கேத்தே குரூசே என்ற ஜெர்மானியப் பெண்மணி 1883-ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் நாடக நடிகை. அவருடைய துணைவர் மாக்ஸ் குரூசே ஒரு சிற்பி. 1905-ஆம் ஆண்டில் கேத்தே தம் இரு பெண் குழந்தைகளோடு சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்தார். அம்மா தங்கையைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்த மூத்தவள், தனக்கும் அப்படி ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டாள். பெர்லினில் இருந்த தந்தைக்குக் கடிதம் போயிற்று.

அக்காலத்துக் கடைப் பொம்மைகள் பெரும்பாலும் பீங்கான் தலை கொண்டவை. தொட்டால் சில்லிடும், விழுந்தால் உடையும். இத்தகைய பொம்மையை வாங்கித் தரமாட்டேன், நீயே செய்து கொடு என்று பதில் எழுதிவிட்டார் தந்தை.

தாய் என்ன செய்தார்? ஒரு துண்டை எடுத்து நடுவில் மணலைக் கொட்டினார். நான்கு முனைகளையும் முடிந்தார். அவை கைகளும் கால்களும் ஆயின. உருளைக்கிழங்கு தலையாயிற்று. எரிந்த தீக்குச்சியின் கரியால் கண்ணும் வாயும் வரைந்தார். அழகில்லாத பொம்மைதான். ஆனால் கையில் கனத்தது, மெத்தென்று இருந்தது. குழந்தை அதை விடவே இல்லை.

உருளைக்கிழங்குத் தலை எத்தனை நாள் தாங்கும்? கேத்தே மேலும் மேலும் முயன்று பார்த்தார். 1910-ஆம் ஆண்டில் பெர்லினில் ஒரு பெரிய கடையில் நடந்த கண்காட்சியில் அவருடைய பொம்மைகள் வைக்கப்பட்டன. மக்கள் வியந்தனர், அமெரிக்காவிலிருந்தும் ஆர்டர் வந்தது. 1912-ஆம் ஆண்டில் பாட் கோசன் என்ற ஊரில் பட்டறை அமைத்தார். துணியால் உடல் தைத்து, விலங்கின் ரோமத்தை உள்ளே அடைத்து, முகத்தை ஒவ்வொன்றாகக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள்.

புகழ் வந்தால் போலியும் வரும் அல்லவா? பிங் என்ற பெரிய நிறுவனம் அதே சாயலில் பொம்மை செய்து விற்றது. கேத்தே வழக்குத் தொடுத்தார். 1925-ஆம் ஆண்டில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று. விளையாட்டுப் பொருளானாலும் அது கலைப்படைப்பே என்று நீதிமன்றம் ஏற்றது. கைவேலைக்குக் கிடைத்த பெரும் மரியாதை அது.

அதே ஆண்டில் அவர் மீண்டும் மணலைக் கையில் எடுத்தார். கண் மூடித் தூங்கும் பச்சிளங் குழந்தையைப்போல ஒரு பொம்மை செய்தார். 'குட்டிக் கனவாளி' என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார். உள்ளே மணல் நிரப்பியதால் உண்மைக் குழந்தையைப்போலவே கனக்கும். தலையைத் தாங்காவிட்டால் தொங்கிவிடும். ஆகவே, குழந்தையைத் தூக்கவும் குளிப்பாட்டவும் இளந்தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளிலும் அது பயன்பட்டது.

உலகப் போருக்குப்பின் பாட் கோசன் பட்டறை கிழக்கு ஜெர்மனி அரசின் உடைமையாயிற்று. குடும்பத்தினர் மேற்கே டோனாவோர்த் நகரில் தொழிலைத் தொடர்ந்தார்கள். கேத்தே 1968-ஆம் ஆண்டில் காலமானார். பழைய பொம்மைகளை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர்.

1990-களில் அமெரிக்காவில் மற்றொரு கைவேலை பரவியது. வினைல் குழந்தைப் பொம்மையை வாங்கி, அதன் வண்ணத்தை அழித்து, தோலின் நிறத்தையும் நரம்பின் நீலத்தையும் பல பூச்சுகளாகத் தீட்டுவார்கள். தலைமயிரை ஊசியால் இழை இழையாக நடுவார்கள். உடலுக்குள் மணிகளை இட்டுக் கனமாக்குவார்கள். 'மறுபடி பிறந்தவை' என்று பொருள்படும் பெயர் இவற்றுக்கு உண்டு. குழந்தையைப் பறிகொடுத்த சில தாய்மார் இவற்றை மடியில் வைத்து ஆறுதல் தேடுவதும் உண்டு. மடி தேடுவது அந்தக் கனத்தைத்தான் போலும்.

நேயர்களே, வேலைக்குப் போகும் பெற்றோரின் வீட்டில் தம்பி தங்கையைத் தூக்கி வளர்ப்பது பல சமயம் மூத்த பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குப் பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடிக்கக் கற்றுத்தர விலையுயர்ந்த பொம்மை தேவையில்லை. ஒரு பழைய துண்டும் கொஞ்சம் மணலும் போதும். கேத்தே தொடங்கியதும் அப்படித்தான்.