புதுச்சேரியில் வீட்டு இணையமும் தரவு வரம்பும்

வீட்டு இணைய இணைப்பில் ஒரு மாதத்திற்கு இவ்வளவு தரவைத்தான் முழு வேகத்தில் பயன்படுத்தலாம் என்று சேவை நிறுவனம் விதிக்கும் எல்லை 'தரவு வரம்பு' எனப்படும். வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் வரும்; அல்லது வேகம் குறைக்கப்படும். இந்தியாவின் பிற நகரங்களைப் போலவே புதுச்சேரியிலும் இவ்வெல்லை முதலில் மணிக்கணக்காகவும், பின்னர் மெகாபைட் கணக்காகவும், இன்று கிகாபைட் கணக்காகவும் இருந்து வருகிறது.

மணிக்கணக்குக் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் தொடங்கியது. 1998 இன் இறுதியில் தனியார் நிறுவனங்களும் இத்துறைக்குள் அனுமதிக்கப்பட்டன. அன்றைய இணைப்பு தொலைபேசி வழியே எண்ணைச் சுழற்றிப் பெறும் 'டயல்-அப்' இணைப்பாகும். இத்தனை மணி நேரம் என்று வாங்கிய கணக்கு ஒரு பக்கம் கரைய, தொலைபேசிக் கட்டணம் மறுபக்கம் ஏறும். ஒருவர் இணையத்தில் இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசிக்கு வேறு அழைப்பு வராது. ஆகவே மின்னஞ்சலை முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பிவிட்டு, வந்தவற்றை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்த பின் படிப்பது வழக்கமாயிற்று.

வில்லியனூர் காட்டிய வழி

குறைந்த இணைப்பைக் கொண்டு பலர் பயன்பெற முடியும் என்பதற்குப் புதுச்சேரி நகருக்கு மேற்கே உள்ள வில்லியனூர் சான்றாகும். சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. இதற்குக் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் நிதியுதவி செய்தது. வில்லியனூர் மைய நிலையமாக இருந்தது. அங்கு இணையத்திலிருந்து பெறப்பட்ட செய்திகள் தமிழாக்கப்பட்டு, எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் அறிவு மையங்களுக்கு வானொலி அலைவழியே அனுப்பப்பட்டன.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்திற்குத் தேவைப்பட்டது கடல் அலைகளின் உயரம். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை முன்னறிவிப்பை வில்லியனூரில் ஒருமுறை இறக்கி, தமிழில் ஒலிவடிவமாக்கி அனுப்புவார்கள். வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கி வழியே கடற்கரையெங்கும் கேட்கும். ஓர் இணைப்பில் ஒருமுறை இறக்கிய தகவல் ஓர் ஊருக்கே போதுமானதாயிற்று. இத்திட்டம் 2001 இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டு மக்கள் வெளியேறினர்.

மெகாபைட் கணக்குக் காலம்

2004 ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டைக்கான குறைந்தபட்ச அளவாக வகுத்தது. 2005 ஜனவரியில் பாரத் சஞ்சார் நிகம் (பி.எஸ்.என்.எல்.) 'டேட்டா ஒன்' சேவையைத் தொடங்கியது. அதே தொலைபேசிக் கம்பியில் பேச்சும் இணையமும் ஒருசேர வந்தன. மணிக்கணக்கு ஒழிந்தது, ஆனால் மாத வரம்பு வந்தது. தொடக்கத்தில் குறைந்த கட்டணத் திட்டத்தின் வரம்பு 400 மெகாபைட் மட்டுமே. தாண்டினால் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் தனிக் கட்டணம்.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 256 கிலோபிட் என்பது நொடிக்கு 32 கிலோபைட். அந்த வேகத்தில் 400 மெகாபைட்டை இறக்க ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். அதாவது ஒரு மாதத்துக்கான அளவு ஒரே மாலையில் தீர்ந்துவிடக்கூடும்.

2007 இல் வேகம் 2 மெகாபிட் வரை உயர்த்தப்பட்டது. குறைந்த கட்டணத் திட்டத்தின் வரம்பு பின்னர் 1 கிகாபைட் ஆயிற்று. ஆனால் 2 மெகாபிட் வேகத்தில் 1 கிகாபைட் ஒரு மணி பத்து நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். வரம்பு இரண்டரை மடங்கு கூடியது. வேகமோ எட்டு மடங்கு கூடியது. வேகம் கூடினால் வசதி கூடும் என்று எண்ணிய குடும்பங்கள் மாத இறுதியில் பெருந்தொகைக்கான கட்டணச் சீட்டைக் கண்டு திகைத்தது இதனால்தான்.

மக்கள் சமாளித்த வழிகள்

சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை பயன்படுத்தும் தரவு கணக்கில் சேராது. பெரிய கோப்புகளை இறக்க நினைத்தவர்கள் இரவில் கணினியை இயங்கவிட்டு, பதிவிறக்க மென்பொருளில் நேரம் குறித்து வைத்தனர். 256 கிலோபிட் வேகத்தில் அந்த 6 மணி நேரத்தில் சுமார் 690 மெகாபைட் கிடைக்கும். அது ஒரு குறுந்தகட்டின் கொள்ளளவுக்கு நிகரானது.

உலாவியில் படங்களை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் படிப்பது, இயங்குதளம் தானாகப் புதுப்பித்துக்கொள்வதைத் தடுப்பது, வேண்டாத நேரத்தில் மோடத்தை அணைப்பது ஆகியவை பிற வழிகள். ஒருவர் இறக்கிய பாடநூலையோ மென்பொருளையோ குறுந்தகட்டிலும் விரலியிலும் நண்பர்கள் பகிர்ந்துகொண்டனர். வில்லியனூரின் முறையே இங்கும் செயல்பட்டது: ஒருமுறை இறக்குதல், பலர் பயன்படுத்துதல்.

அறியும் உரிமை

பின்னர் 'வரம்பற்ற' திட்டங்கள் பரவின. ஆனால் அவற்றிலும் குறிப்பிட்ட அளவுக்குப் பின் வேகத்தைக் குறைக்கும் 'நியாயப் பயன்பாட்டுக் கொள்கை' இருந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 அக்டோபரில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி, கம்பிவழி இணைப்புகளில் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழ் குறைக்கப்படக் கூடாது. மேலும், வரம்பில் 50, 90, 100 விழுக்காட்டைப் பயன்பாடு எட்டும்போது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

2020 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் 30 மெகாபிட் வேகத் திட்டத்தை 'வரம்பற்றது' என்று அறிமுகப்படுத்தியது. அதிலும் மாதம் 3,300 கிகாபைட் என்ற எல்லை உண்டு. முழு வேகத்தில் இடைவிடாமல் இறக்கினாலும் அதைத் தீர்க்கப் பத்து நாட்கள் ஆகும்; சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவது அரிது. எனினும் எல்லை என்ற ஒன்று நீங்கிவிடவில்லை.

ஆகவே இணைப்புப் பெறுவோர் விளம்பரத்தில் உள்ள வேகத்தோடு, மாத வரம்பு எவ்வளவு, அதற்குப் பின் வேகம் எவ்வளவு ஆகிய இரண்டையும் கேட்டறிவது நல்லது. வேகத்தை எட்டால் வகுத்து நொடிக்கு எத்தனை பைட் என்று கண்டால், வரம்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது எளிதில் விளங்கும்.